பகல் வரம்பு

மூத்தவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. பெரிய பெரிய கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்றை அங்கே செய்கிறார்கள். மருத்துவமனைக்காரர்கள் ஸ்கேன் படங்களை அனுப்புவார்கள், கட்டடக்காரர்கள் வரைபடங்களை அனுப்புவார்கள். வேகம், அளவு எல்லாம் மாற்றும் அதன் அமைப்புத் திரை முழுவதும் அவள் கைவேலை. இளையவள், அதாவது அவள் கொழுந்தனின் மனைவி, வந்து எட்டு மாதம்தான். படித்தது நிரல் எழுதும் படிப்பு. குழந்தை பிறந்து மூன்று வருடம் விட்டுப்போனதால், வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைதான் கிடைத்தது. அதற்குச் சிபாரிசு செய்ததும் மூத்தவளே. ஓரகத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் என்று நாலு பேர் மெச்சுவார்கள் என்று ஒரு நினைப்பு. அந்த நாலு பேரும் கடைசியில் யாரை மெச்சப்போகிறார்கள் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் ஒரு கத்தைப் புகார்களை மேஜைமேல் போட்டார்.

“ஒரே ஃபைல். ஒரு திரையில நூறு மெகாபைட், இன்னொரு திரையில தொண்ணூத்தஞ்சு. நடுவுல அஞ்சு எங்க போச்சுன்னு கஸ்டமர் கத்தறார். நான் என்ன பதில் சொல்ல?”

எங்கும் போகவில்லை. ஓரிடத்தில் ஆயிரத்தால் வகுத்திருந்தார்கள், இன்னோரிடத்தில் ஆயிரத்து இருபத்து நான்கால். அதைவிட மோசம், கோப்பு எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று வாடிக்கையாளர் குறிக்கும் வேக வரம்புப் பெட்டி. எண்ணை மட்டும் கேட்கும். எந்த அளவில் என்று சொல்லாது. இணைய நிறுவனத்தின் கணக்குப்படி மெகாபிட் என்று நினைத்து ஒருவர் எண்பது போட்டிருக்கிறார். மென்பொருள் அதை மெகாபைட்டாக எடுத்துக்கொண்டது. எட்டு மடங்கு. அவர் அலுவலகத்தின் மொத்த இணைய லைனையும் அதுவே விழுங்கிவிட்டது.

“நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன் சார்,” என்று இளையவள் ஒரு நோட்டை நீட்டினாள். எட்டு மாதமாகத் தொலைபேசியில் கேட்ட குழப்பமெல்லாம், திரை வாரியாக.

மேலாளர் நாலு பக்கம் புரட்டினார். “அப்ப இதை நீயே செஞ்சிடும்மா. அக்கா சரிபாத்துக் குடுப்பாங்க.”

அக்கா தலையாட்டினாள். தான் எழுதிய திரையைத் திருத்தப்போவது, நேற்று வந்தவள்.

சாயங்காலம் வீட்டில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டே, “சின்னவளுக்குப் பெரிய வேலை குடுத்திருக்காங்களாமே?” என்றாள். சின்னவளும் உட்கார்ந்து பிட் என்றால் என்ன, பைட் என்றால் என்ன என்று நறுக்கிய துண்டுகளை எட்டெட்டாகக் கூட்டிவைத்துக் காட்டினாள். மாமியாருக்கு ஒரே சிரிப்பு. மூத்தவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது, உனக்கு என்ன வேலை என்று அத்தை தன்னிடம் கேட்டதுண்டா? தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

மூன்று வாரத்தில் இளையவள் முடித்துவிட்டாள். அளவு காட்டும் இடங்கள் நாற்பத்தொன்று. அத்தனையிலும் இனி வகுப்பது ஆயிரத்தால்தான். வரம்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அளவைத் தேர்ந்தெடுக்கலாம். வாடிக்கையாளர்கள் முன்பு போட்டுவைத்த எண்களையெல்லாம் புது அளவுக்கு மாற்றும் நிரலும் உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து நிரல் எழுதுபவன், எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடும் பையன், வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷமா இதை யாருமே செய்யலன்னு நெனச்சா வெக்கமா இருக்குங்க,” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். மூத்தவளுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

சரிபார்க்க உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தாள். ஒரு மணிநேரம் போயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. அத்தனை சுத்தம். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. மாற்று நிரலுக்கு வந்தபோதுதான் கண்ணில் பட்டது. பழைய எண்கள் எல்லாமே மெகாபைட் என்று இளையவள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அப்படித்தான். அந்த ஒன்று, பகல் வரம்பு. அலுவலக நேரத்தில் லைனை அடைக்காமல் மெதுவாக அனுப்புவதற்கானது. அதன் எண் கிலோபைட்டில் இருந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தியபோது, ஒரே மதியத்தில் மூத்தவள் எழுதிச் சேர்த்தது. எங்கும் குறிப்பு எழுதவில்லை. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஐந்நூறு கிலோபைட் இனி ஐந்நூறு மெகாபைட் ஆகும். வரம்பே இல்லாத மாதிரி.

‘பகல் வரம்பைக் கவனி’ என்று தட்டினாள். பிறகு அழித்தாள். ஒரு சறுக்கல்தானே, ஒரு திட்டு வாங்கட்டும், தலையில் தூக்கிவைத்து ஆடுவது கொஞ்சம் குறையும் என்று நினைத்தாள். ‘பார்த்தேன், சரி’ என்று எழுதி அனுப்பினாள்.

புதுப் பதிப்பு வெளியான மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இளையவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்கேன் படங்கள் லைன் முழுவதையும் அடைத்துக்கொண்டு போக, அங்கே இணையத்தில் ஓடும் தொலைபேசிகள் எல்லாம் செத்துவிட்டன. வரவேற்புப் பெண் தன் சொந்தக் கைபேசியிலிருந்து பேசினாள். “எண்பது பேர் நிக்கறாங்க மேடம். கம்ப்யூட்டர்ல யாரோட சீட்டையும் திறக்க முடியல. டாக்டர் எங்கிட்ட கத்தறார்.” பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அரைமணியில் இன்னும் ஆறு இடங்களிலிருந்து அழைப்பு.

இளையவள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, அனுப்புவதை நிறுத்தச் சொல்லி, பழைய பதிப்பைத் திரும்பப் போட வைத்தாள். குரல் ஓரிடத்திலும் பிசிறவில்லை. அந்தக் குரலைக் கேட்டும் மூத்தவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. அந்தக் குழந்தையின் அழுகை காதை விட்டுப் போகவில்லை.

மதியத்துக்குள் இளையவள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூத்தவளை நிறுத்தினாள்.

“அக்கா, பகல் வரம்பு நீங்க எழுதினது.”

“ஆமா.”

“பாக்கறப்போ தெரியலையா?”

பார்க்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. “தெரிஞ்சுது,” என்றாள்.

“நான் வாங்கற பேர் உங்க பேர்லேர்ந்து கழியும்னு நெனச்சீங்களா? வீட்டுல யாராவது கேட்டா என் ஓரகத்திதான் எனக்கு வழிகாட்டினாங்கன்னு சொல்லிட்டிருக்கேன்.” இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே சொல்ல மாட்டேன்.”

மூத்தவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். தவறு இருப்பது தெரிந்தும் விட்டுவிட்டதாகச் சொன்னாள். அவர் சிரித்தார்.

“பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்களா? உங்களுக்குப் பெரிய மனசும்மா. விடுங்க, புதுசா செய்யறவ, தப்பு வரத்தான் செய்யும்.”

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். பேருக்குப் பேரும் ஆயிற்று, பழியும் இளையவள் தலையிலேயே நின்றிருக்கும். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பெரிய மனசெல்லாம் இல்ல சார். பொறாமை. எழுதி வச்சதை அழிச்சிட்டு சரின்னு அனுப்பினேன்.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. சரிபார்க்கும் பொறுப்பை அன்றே அவளிடமிருந்து எடுத்துக் கண்ணாடியிடம் கொடுத்தார். அமைப்புத் திரை இளையவளுக்குப் போயிற்று. அலுவலகம் முழுக்க விஷயம் பரவியது. யாரும் நேரில் எதுவும் கேட்கவில்லை, பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் இளையவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றாகப் போன பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் போகத் தொடங்கினாள். “என்னடி ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க?” என்று மாமியார் கேட்டதற்கு, “தப்பு எம்மேலதான் அத்தை,” என்று மூத்தவள் சொன்னாள். மாமியார் அதற்குமேல் தோண்டவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திருத்திய பதிப்பு வெளியாகி, ஒரு சிக்கலுமில்லாமல் ஓடியது. கூட்டத்தில் மேலாளர் இளையவளின் பெயரைச் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். மூத்தவளும் தட்டினாள். வயிறு அப்போதும் எரிந்தது. அது சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை.

அன்று மதியம் அவள் ஒரு தாளை எடுத்து, பதினோரு வருடத்தில் தான் குறிப்பெழுதாமல் விட்ட இடங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து எழுதி, இளையவளின் மேஜையில் வைத்தாள்.

இளையவள் முழுவதும் படித்தாள். “ஏழுதானா?”

“இப்போதைக்கு ஞாபகம் வந்தது ஏழு.”

“இவ்வளவையும் தலையில வச்சிட்டா இத்தனை வருஷம் நடமாடினீங்க?” சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிமேல் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். “மூணாவது புரியல. உக்காந்து சொல்லுங்க.”

மூத்தவள் உட்கார்ந்தாள்.