கடைப் புள்ளி

எமனே வாசலில் வந்து நின்றாலும் நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவான் என்று கடைத்தெருவே சொல்லும் ஆள் அவன். பட்டப்பெயர் தராசு. அப்பேர்ப்பட்ட தராசு இன்று, அவனும் அக்காளும் நடத்தும் பம்புக் கடையில், போனைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அக்காள் புருஷன் பம்பு ஏற்றிக்கொண்டு பொட்டல்வெளிக்குப் போனவர். நடுவழியில் லாரி அச்சு முறிந்தது. தண்ணீர் கேனும் உடைந்தது. காலையில் போனில் அகப்பட்டார். ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்து அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சொன்னார். அதோடு போன் செத்தது. தராசு உள்ளங்கையில் எழுதி, மீட்பு நிலையத்துக்குப் போனில் படித்துச் சொன்னான். ஹெலிகாப்டரும் போனது.

"வெறும் மணல்தாங்க இருக்கு," என்றாள் நிலைய அதிகாரி. "எரிபொருள் குறையுது. ஹெலிகாப்டரைத் திரும்பி வரச் சொல்லப்போறேன்."

"இன்னும் ஒரு சுத்து மேடம். முழுசா வேணாம், அரைச் சுத்தாவது குடுங்க."

"இதுல பேரம் இல்லைங்க. நீங்க குடுத்த இடம் சரிதானா?"

"அட்சரேகை இருபது புள்ளி நாப்பத்தஞ்சு, தீர்க்கரேகைக்குக் கடைசியில புள்ளி முப்பது. அவர் சொன்னது அப்படியே."

வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டலில் நிழலுக்கு லாரியின் வயிற்றை விட்டால் வேறில்லை. அக்காள் அழவில்லை, முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

"மனுஷன் தண்ணியில்லாம கிடக்காருடா. ஊரையே ஏமாத்துற வாய் உனக்கு, ஒரு இடத்தைச் சரியாச் சொல்லத் தெரியலையா?"

தராசு உள்ளங்கையை விரித்து மறுபடி படித்துப் பார்த்தான்.

அப்போது பூட்டிய கண்ணாடிக் கதவை ஒருவர் தட்டினார். "கடை எப்பம்மா திறப்பீங்க?"

அக்காள் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாய்ப் பழக்கத்தில் சொன்னாள்: "ரெண்டரைக்கு."

தராசின் கண் கதவில் தொங்கும் பலகைக்குப் போனது. அவனே எழுதியதுதான்: 'மதியம் 2.30க்குத் திறக்கப்படும்.'

"அக்கா, ரெண்டு புள்ளி முப்பதுன்னு எழுதியிருக்கு. நீ ரெண்டரைங்கிறே!"

"முப்பது நிமிஷம்னா அரைதானேடா? புத்தி கெட்டுப்போச்சா?"

"மாமா புள்ளின்னே சொல்லலக்கா. 'இருபது, நாப்பத்தஞ்சு'ன்னார். புள்ளி நான் வச்சது!"

கிலோவுக்கும் கிராமுக்கும் நடுவே, மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே, எங்கே இடம் கண்டாலும் ஒரு புள்ளி வைத்துப் பழகிய கை. போனில் கத்தினான்: "மேடம், டிகிரிக்கும் அறுபது நிமிஷமா?"

"ஆமாங்க."

"அப்ப அது இருபதே முக்கால்! புள்ளி எழுபத்தஞ்சுன்னு போடுங்க. தீர்க்கரேகையில நான் சொன்ன முப்பதும் அரைதான், புள்ளி அம்பது!"

அந்தப் பக்கம் விசைகள் தட்டப்பட்டன. "அது நாப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கு. அங்க நேராப் போகலாம், ஆனா சுத்தித் தேட முடியாது. இதுவும் தப்புன்னா இன்னிக்கு வேற வழியில்லை. போகச் சொல்லட்டுமா?"

விலை கேட்ட நொடியில் பாதிக்குக் கேட்பவன், அக்காள் முகத்தைப் பார்த்தான். குறைத்துக் கேட்க இங்கே எதுவும் இல்லை.

"போகச் சொல்லுங்க."

போனில் வெறும் இரைச்சல். அக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையில் எழுத்து அழிந்து அவள் கையிலும் ஒட்டியது. வாடிக்கையாளர் முணுமுணுத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

"லாரி தெரியுது," என்றாள் அதிகாரி.

"ஆளு?"

இருவரும் போனில் காதை ஒட்டிக்கொண்டார்கள்.

"அடியில படுத்திருக்கார்... இருங்க... கை அசையுதுங்க. லேசா. ஆனா அசையுது."

தராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்காள் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு கதவுக்குப் போனாள். மை கலைந்த ஈரக்கையால் பலகையில் இருந்த அந்தப் புள்ளியைத் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.