துரேனியஸ் இறங்கிய படிகள்

“நாளைக்கு அச்சுக்குப் போகுது, இப்ப வந்து நிண்டு—”

“போகக் கூடாது எண்டுதான் சொல்லுறன்—”

“—எழுத்துப் பிழை மட்டும் பாரும் எண்டுதானே தந்தனான்.”

“—முழுப் புத்தகமும் பிழை எண்டால் எந்த எழுத்தைப் பார்க்கிறது?”

சோதிலிங்கம் தாள்கட்டை மனைவியின் கையிலிருந்து இழுத்தார். சற்குணதேவி விடவில்லை. முதல் பக்கம் கிழிந்தது.

எட்டு வருட எழுத்து. கையஸ் துரேனியஸ் என்ற ரோமானிய செனட்டரின் வரலாறு. அந்த மனிதரைப் பற்றி மிஞ்சியது ஒரே ஒரு கல்வெட்டுத்தான். மேலே கொன்சல் என்ற உச்சப் பதவி. அதன் கீழே மாகாண ஆளுநர், படைத் தளபதி, கருவூல அதிகாரி. அடிவரியில், ரோமின் தெருக்களைத் துப்புரவாக வைத்திருக்கும் நால்வரில் ஒருவர். அந்த அடிவரிக்காகவே சோதிலிங்கம் நாற்பது பக்கம் உருகியிருந்தார்: ஒரு மாகாணத்தையே ஆண்டவர் நரைத்த தலையோடு சாக்கடையோரம் நிற்கிறார். அவரை அந்தக் கதிக்கு ஆளாக்கியது மனைவியின் பேராசையாம்.

நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை சற்குணதேவி மேசையில் விரித்தாள். இப்படியான கற்களில் பெரிய பதவியை முதலில் வெட்டுவார்கள், தொடங்கிய வேலையைக் கடைசியில். தெருவேலை இருபது வயதுப் பெடியன்கள் பார்ப்பது. வரி வரியாக விரல் வைத்துக் காட்டினாள்.

“அவன் கடைசி வரைக்கும் ஏறிக்கொண்டுதான் போயிருக்கிறான். இறக்கினது நீங்கள்.”

வெள்ளைக்காரன் எழுதினால் உமக்கு வேதம் என்றார் அவர். பிறகு பழைய பல்லவி. யாழ்ப்பாணத்தில் உதவிக் கல்விப் பணிப்பாளராக இருந்தவரை ஓக்லாந்துக்கு இழுத்து வந்தது யார்? எல்லர்ஸ்லிப் பகுதியில் ஒரு மேசை வேலையாவது கிடைத்தது, அது போய்ப் பென்ரோஸில் பெட்டி அடுக்கினார், கடைசியில் விரி என்ற இடத்தில் கிடங்குத் தரை கூட்டினார். எல்லாம் யாரால்?

சற்குணதேவிக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த வரிசை. இம்முறை அது புத்தகமாகி, வெளியீட்டு விழா மண்டபத்தில் ஊர்ச்சனம் முழுவதன் கைக்கும் போகப் போகிறது.

“கல்லில பெண்சாதியே இல்லை,” என்றாள். “அவளை எங்கையிருந்து எடுத்தனீங்கள்? என்ரை பேரை நேராவே போட்டிருக்கலாமே.”

சோதிலிங்கம் நூலகப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். அவளைப் பாராமலே கேட்டார்:

“அப்ப, இறங்கினது நான் மட்டும்தானோ?”