எடுத்தவங்க பேசக்கூடாது

எங்க கூட்டத்துல என் பேரு மூடி. வாயை மூடிக்கிட்டு இருக்குற ஆளுன்னு நினைச்சா ஏமாந்து போவீங்க. இது கேமரா மூடி. சேர்ந்த புதுசுல ஒரு முழு ரோலையும் லென்ஸ் மூடியைக் கழட்டாமலேயே எடுத்து முடிச்ச மகராசி நான்தான். சிரிக்காதீங்க. என் கேமராவுல லென்ஸ் வழியா பாக்குற வேலையே கிடையாது. மேல தனியா ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அது வழியாத்தான் பாக்கணும். லென்ஸ்ல மூடி போட்டிருந்தாலும் ஜன்னல்ல ஊரே பளிச்சுனு தெரியும். நானும் தெரியுதுன்னு நம்பி கிளிக் கிளிக்னு தட்டிக்கிட்டே போனேன். கழுவிப் பாத்தா ஃபிலிம்ல ஈ காக்கா இல்ல. அன்னிலேர்ந்து மூடி.

ஞாயித்துக்கிழமை ஆனா லாண்டரிக் கடை மாடியில கூடுவோம். ஃபோன்ல ஒரு விரல்ல முடியுற வேலைக்கு, பாத்ரூம் ஜன்னலை போர்வையால அடைச்சு, சிவப்பு பல்பு மாட்டி, மருந்துத் தண்ணியில கையை ஊறவச்சுக்கிட்டு நிக்குற கிறுக்குங்க நாங்க. கழுவின படத்தை எல்லாம் கொடிக்கம்பியில க்ளிப் போட்டு மாட்டுவோம். அப்புறம் ஆரம்பிக்கும் அலசல். கிரெயின் சொரசொரன்னு இருக்கு, நிழல்ல விவரம் செத்துப்போச்சு, வெளிச்சத்துக்கு லென்ஸை இன்னும் அரை ஸ்டாப் திறந்திருக்கலாம், இப்படி. டிரைவர் அண்ணா பூட்டின கடை ஷட்டரைத் தவிர வேற எதையும் எடுக்க மாட்டார். பல் டாக்டர் மேகம் எடுப்பார், க்ளினிக்ல எக்ஸ்ரே பாக்குற வெளிச்சப் பெட்டியில நெகட்டிவை வச்சுப் பாப்பார்.

தலைவர் பேரு மீட்டர். வேலையில இருந்த காலத்துல வீடு வீடா போய் கரண்ட் மீட்டர் பாத்தவர், ரிட்டயர் ஆனதும் கழுத்துல லைட் மீட்டரை மாட்டிக்கிட்டார். வெளிச்சத்தை அளக்காம டீ கூட குடிக்க மாட்டார். எங்க கூட்டத்துக்கு அவர் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு. கம்பியில மாட்டின படத்தைப் பத்தி யார் வேணா என்ன வேணா பேசலாம், எடுத்தவங்க மட்டும் பேசக்கூடாது. படத்துல இல்லாததை வாயால சொல்லி ஒப்பேத்தக் கூடாதாம். நியாயமான சட்டம்தான். ஆனா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்குறது எனக்கு என்ன பாடுன்னு என் அக்காவைக் கேட்டா தெரியும்.

அக்கா பஸ் கம்பெனியில விசாரணை ஜன்னல்ல உக்காந்திருந்தவ. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா, தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களான்னு சேத்துக் கேக்குற ஆளு. ஒரு நாள் காலையில டீ குடிச்சவளுக்கு இடது பக்க உதட்டு வழியா டீ ஒழுகிச்சு. முகத்துல பாதிக்கு கரண்ட் போன மாதிரி ஆயிடுச்சு. நரம்புல வீக்கம், பெரும்பாலும் சரியாயிடும்னாங்க டாக்டருங்க. எங்க ராசி, பாதி சரியாச்சு, மீதி அப்படியே நின்னுபோச்சு. சிரிச்சா வாய் வலது பக்கம் மட்டும் ஏறும், இடது கண் முழுசா மூடாது. கம்பெனியில உடனே அவளைப் பின்பக்க ரூமுக்கு மாத்தி, பார்சல்ல சீட்டு ஒட்டச் சொல்லிட்டாங்க. உங்க நல்லதுக்குத்தாம்மான்னு வேற சொன்னாங்க. நல்லதாம் நல்லது.

அப்ப மாட்டினதுதான் மாஸ்க். வெளியே போனா மாஸ்க், வீட்டுக்கு யாராவது வந்தா மாஸ்க், சாப்பிடும்போது சுவரைப் பாத்து உக்காருவா. பேச்சு கூட மாறிடுச்சு. உதடு ஒட்டினாத்தானே ப வரும், ம வரும்? அவளுக்கு அது ஃப, வ-ன்னுதான் வரும். அதனால அந்த எழுத்து வர்ற வார்த்தையையே விட்டுட்டா. பிறந்ததுலேர்ந்து என்னைப் பாப்பான்னு கூப்பிட்டவ, தங்கச்சின்னு கூப்பிட ஆரம்பிச்சா. அந்த 'தங்கச்சி'யைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையா வரும், கோவமா வரும்.

அவ தன் முகத்தைத் தானே பாக்குறது ஒரே இடத்துலதான். தினமும் காலையில பாத்ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு, டாக்டர் சொன்ன பயிற்சி செய்வா. ஆ, ஈ, ஊ, கன்னத்தை ஊது, புருவத்தைத் தூக்கு. நான் வேலை பாக்குறதும் கண்ணாடிக் கடைதான், மூக்குக்கண்ணாடி. ஃப்ரேம் மாட்டி அளவெடுக்குறது என் வேலை. ரெண்டு காதும் ஒரே உசரத்துல இருக்குற மனுஷனை நான் இன்னும் பாக்கல. அதையே அக்காகிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். அவ கேட்டாத்தானே.

எங்க கூட்டத்துக்கு வருஷம் ஒரு தடவை நூலகத்து முன்கூடத்துல ஒரு சுவர் குடுப்பாங்க. ஆளுக்கு ஒரு படம் மாட்டலாம். இந்தத் தடவை என்ன மாட்டுறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்போ, அக்கா சமையலறை ஜன்னல்கிட்ட மாஸ்க் இல்லாம நின்னு எதையோ நினைச்சு சிரிச்சா. நான் கேமராவைத் தூக்கினேன். மூடியைக் கழட்டிட்டுத்தான். அவ திட்டுவான்னு பாத்தேன், திட்டல. சிரிப்பை நிறுத்தாமலே என்னைப் பாத்தா. உடனே கிளிக் தட்டிட்டேன்.

எங்க வீட்டு பாத்ரூமை இருட்டாக்கி முதல் பிரிண்ட் போட்டுக் காட்டினேன். அவ ஒரு பார்வை பாத்துட்டு கவுத்து வச்சுட்டா.

"யாரோ இது. நான் இல்ல."

அடடா, கெடுத்துட்டேனேன்னு திரும்ப பாத்ரூமுக்குள்ள போனேன். படபடப்புல ஒரு காரியம் செஞ்சுட்டேன். நெகட்டிவுக்கு ஒரு பக்கம் வழவழன்னு மினுங்கும், இன்னொரு பக்கம் மங்கலா இருக்கும். பிரிண்ட் போடும்போது மங்கல் பக்கம் கீழ, காகிதத்தைப் பாத்து வரணும். நான் மாத்திப் போட்டுட்டேன். அப்படிப் போட்டா படம் இடது வலது மாறி விழும். எங்க ஆளுங்க நடுவுல இது மூடியைக் கழட்டாததை விட மட்டமான தப்பு. மாத்திப் போட்டது அப்ப எனக்குத் தெரியக்கூட இல்ல. ஈரத்தோட கொண்டுவந்து அக்கா கையில குடுத்தேன்.

அவ ரொம்ப நேரம் பாத்தா.

"இவளைத் தெரியுது. தினசரி காலைல எதிர்ல நிக்கிறவ."

ரெண்டு பிரிண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது. உலகம் பாக்குற முகம் ஒண்ணு, கண்ணாடியில அவ பாக்குற முகம் ஒண்ணு. இத்தனை நாளா அவ தனியா பழகி, சண்டை போட்டு, ராசியானது இந்தத் திரும்பின முகத்தோட. என் தப்பு தற்செயலா அந்த முகத்தைக் காகிதத்துல கொண்டுவந்துடுச்சு.

"இதைத் தொங்கவிடு. ஞாயிறு நான் இதைக் கழட்டிட்டு வரேன்," காதுல தொங்கின மாஸ்க்கை விரலால தட்டினா. "உங்க ஆளுங்க சுவர்லேர்ந்து அதை இறக்கிட்டாங்கன்னா அதோட சரி, தங்கச்சி. இனி இதைக் கழட்டச் சொல்லி என்னைக் கேக்காத."

அவ விளையாட்டுக்குச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை, நூலகத்துல ஜனங்களுக்குக் கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. சுவர்ல எல்லாரோட படத்தையும் மாட்டியாச்சு. கடைசி அலசல். டிரைவர் அண்ணாவோட ஷட்டரை ஒரு பாடு பேசிட்டு, என் படத்துக்கு வந்தாங்க. ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுந்திருக்குன்னாங்க. கறுப்பு நல்ல கறுப்புன்னாங்க. எல்லாத்தையும் பேசுறாங்க, அந்த வாயைப் பத்தி மட்டும் ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்க. சுடுதண்ணியில கால் வைக்கிற மாதிரி சுத்திச் சுத்தி வராங்க. கடைசியில மீட்டர் சார் தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு பக்கத்துலேர்ந்து எடுத்திருக்கலாம். முகத்துக்கு நல்ல பக்கம்னு ஒண்ணு இருக்கும்ல?"

நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எடுத்தவங்க பேசக்கூடாது.

அப்ப பல் டாக்டர் படத்துக்கிட்ட குனிஞ்சார். பூதக்கண்ணாடியை எடுத்தார். "இருங்க, இருங்க. இந்தப் பல்லை எனக்குத் தெரியுமே. இதுக்கு மேல கேப் மாட்டி விட்டதே நான்தான். மூடியோட அக்காதானே இவங்க? நான் மாட்டினது வலது கோரைப்பல்லுல. இங்க இடது பக்கம் இருக்கு." நிமிர்ந்து என்னைப் பாத்தார். "நெகட்டிவை மாத்திப் போட்டுட்டீங்கம்மா."

சொந்தமா பல் கட்டி விட்ட மனுஷனே காட்டிக் குடுத்துட்டார். மீட்டர் சார் முகம் சுருங்கிச்சு. "சரியான பிரிண்ட் இருக்கா?"

"இருக்கு சார், பையில," அப்படின்னு உளறிட்டேன். என் வாயை என்ன செய்யலாம் சொல்லுங்க.

அவர் கையை நீட்டினார். நான் பையை எடுத்து முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டேன். "தர மாட்டேன்."

"என்னம்மா இது? தப்புன்னா மாத்திட்டுப் போறது. கதவு திறக்கப் போறாங்க."

"மாத்த மாட்டேன் சார். இதுதான் தொங்கும்."

"எடுத்தவங்க பேசக்..."

"பேசுவேன்." கூடமே எதிரொலிச்சுது. "இன்னைக்குப் பேசுவேன். எங்க அக்காவே தேர்ந்தெடுத்த படம் இது. இந்த முகத்தைத்தான் அவ தினமும் கண்ணாடியில பாக்குறா."

மீட்டர் சாருக்கும் கோவம் வந்துடுச்சு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவர் நம்புறதை அவர் பேசினார். "ஃபோன்ல ஒரு தட்டுல மூக்கை நீட்டுறான், கண்ணைப் பெருசாக்குறான். அதெல்லாம் வேணாம்னுதானேம்மா நாம இந்த ஃபிலிமோட மாரடிக்கிறோம்? இருந்தது இருந்தபடி. பொய்ப் படத்தை இந்தச் சுவர்ல மாட்ட நான் விட மாட்டேன்."

"காலைல ஷேவ் பண்றப்போ கண்ணாடியில உங்க எதிர்ல ஒருத்தர் நிக்குறாரே சார், அவர் சட்டைப் பை வலது பக்கம்தான் இருக்கும். அவர் பொய்யா? அவரைக் கூட்டத்தை விட்டுத் தள்ளிடலாமா? வாய் கோணினவளை நல்ல பக்கமா பாத்து எடுத்திருந்தா உங்களுக்கு அது உண்மை. அவ முகத்தை அவ பாக்குற மாதிரியே மாட்டினா அது பொய். நல்லா இருக்கு சார் உங்க நியாயம். இதை இறக்குறதா இருந்தா என்னையும் சேத்து இறக்கிடுங்க. மூடியும் வேணாம், கூட்டமும் வேணாம்."

டிரைவர் அண்ணா தன் ஷட்டர் படத்தைக் கழட்டி கக்கத்துல வச்சுக்கிட்டார். "அப்ப எனக்கும் சுவர் வேணாம்," அப்படின்னார். மீட்டர் சார் விடுற ஆளா? நேரா போய் என் படத்துல கையை வச்சார். ஒரு பக்க ஆணியிலேர்ந்து கழட்டியும் விட்டார். படம் சரிஞ்சு தொங்குச்சு.

"ஒரு நிவிஷம்."

பின்பக்கக் கதவு வழியா அக்கா வந்திருந்தா. மாஸ்க் இல்ல. சமையலறையில சிரிச்ச அதே சிரிப்பு இல்ல, பயந்துதான் இருந்தா, கண்ணு ஒரு பக்கம் படபடன்னு அடிச்சுக்கிச்சு. ஆனா தலை நிமிர்ந்திருந்துச்சு. நேரா சுவருக்கு வந்தா.

"ஃபடம் எடுத்தவங்கதானே சார் ஃபேசக் கூடாது?" ஒரு எழுத்தையும் ஒளிக்கல. "நான் எடுத்தவ இல்லையே. நான் ஃபேசலாவா?"

மீட்டர் சார் கையை எடுத்துட்டார். அக்கா சரிஞ்ச படத்தைப் பிடிச்சு ஆணியில நேரா மாட்டினா. மாட்டிட்டு அதுக்கு எதிர்ல நின்னா. இவ வாய் எந்தக் கைப்பக்கம் ஏறி இருந்துச்சோ, படத்துலயும் அதே கைப்பக்கம் ஏறி இருந்துச்சு. பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு பாத்ததை எங்க எல்லார் முன்னாடியும் நின்னு பாத்தா. பின்னாடி நின்ன மீட்டர் சார் அவளைப் பாத்தார், படத்தைப் பாத்தார், திரும்ப அவளைப் பாத்தார்.

"இருக்கட்டும்," அப்படின்னார். "ஆனா கீழ சீட்டுல உண்மையை எழுதணும். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்." பேனாவை எடுத்து அவரே எழுதினார்: நெகட்டிவ் திருப்பி அச்சிடப்பட்டது.

அக்கா அவர்கிட்ட பேனாவைக் கேட்டு வாங்கினா. அந்த வரிக்கு முன்னாடி ஒரு வார்த்தை சேத்தா: வேண்டுமென்றே.

டிரைவர் அண்ணா ஷட்டரைத் திரும்ப மாட்டினார். கதவைத் திறந்தாங்க. வந்தவங்கள்ல சிலர் படத்தைப் பாத்துட்டு, பக்கத்துல நின்ன அவளைப் பாத்துட்டு, சட்டுனு கண்ணைத் தாழ்த்திக்கிட்டாங்க. "நல்லா ஃபாருங்க, அதுக்குத்தானே தொங்குது," அப்படின்னா அக்கா. சாயங்காலம் வரைக்கும் அவளை அங்கேர்ந்து நகத்த முடியல.

திங்கக்கிழமை காலையில கம்பெனிக்குக் கிளம்பினா. பின்பக்க ரூமுக்குப் போக மாட்டேன், ஜன்னல்லதான் உக்காருவேன், தூக்கி வெளிய போடட்டும் பாக்கலாம்னு சொல்லிட்டு செருப்பை மாட்டினா. அவ படி இறங்கினதும்தான் பாத்தேன், மாஸ்க் ஆணியிலயே தொங்குது. பதறிப்போய் எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா! மாஸ்க்கை மறந்துட்ட!"

அவ தெருவுல நின்னு திரும்பினா.

"வறக்கல, ஃபாஃபா."