புளியமர மூலை

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றிலோ முப்பத்திநாலிலோ நடந்தது. கண்டியில் கட்டுக்கலைக்குக் கீழே செங்கல்லுக்கு மண் வெட்டிய பழைய கிடங்கொன்று பள்ளமாய்க் கிடந்தது. அதை மண் போட்டு நிரப்பி, ஊர்ச்சனம் விளையாடவும் காற்று வாங்கவும் ஒரு திடல் போடுவதென்று நகரசபையில் முடிவாயிற்று. எது எங்கே வரவேண்டும் என்று தாங்களே தீர்மானிக்காமல், தெருவுக்கு ஓர் ஆள் வந்து தேவையைச் சொல்லட்டும், கேட்டுப் படம் வரைவோம் என்றார்கள். அது நல்ல காரியம்தான்.

எங்கள் சந்தின் பேரில் போகவேண்டியவர் சாஹுல் ஹமீது. கண்டிக் கடைத்தெருவான கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. நல்லவருக்கும் நாக்கு சறுக்கும்.

அவர் போகிறார் என்று தெரிந்ததும் சந்துப் பெண்கள் பதினொரு பேர் பின்வாசல் வழியாக வந்து அவர் மனைவி கைரியாவின் குசினியில், அடுப்படியில், கூடிவிட்டார்கள். திடலின் கிழக்கு மூலையில் ஒரு புளியமரம் நின்றது. அதைச் சுற்றி மூன்று பக்கம் சுவர், சந்துப் பக்கமாக ஒரு கதவு, கிளையில் இரண்டு ஊஞ்சல். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

"சுவரு உசரமா ஈக்கணும். கதிரையில ஏறி எட்டிப் பாத்தாலும் தெரியப்படா" என்றாள் பக்கத்து வீட்டு உம்மு குல்சும்.

"ஒன்ன எட்டிப் பாக்க ஆரு புள்ள கதிர தூக்கிட்டு வரப்போறான்?" என்றாள் ஒருத்தி. குசினியே சிரித்தது.

கைரியா சிரிக்கவில்லை. அவளுடைய மகள் றலியாவுக்குப் பதின்மூன்று வயது. பெரியவளானதும் போன வருஷம் பள்ளிக்கூடத்தை நிறுத்தி உள்ளே வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாசற்படியைத் தாண்டவில்லை. முகம் வெளுத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வெயிலும் காற்றும் படவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எந்த வெயில், எங்கே போய் என்று அவர் சொல்லவில்லை.

"இங்க பாருங்க" என்றாள் கைரியா கணவரிடம். "மத்தவங்களுக்காக இல்லாட்டியும் மகளுக்காகக் கேளுங்க."

"கேக்கிறன், கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். உண்மையாகவே கேட்கத்தான் போனார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நகரசபைக் கிளார்க் இராமநாதன் பெரிய காகிதத்தை மேசையில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பந்தடிக்க இடம், தண்ணீர்க் குழாய், உட்கார வாங்கு. சபைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த கறுப்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்க பொம்பளைங்க கும்மி கொட்ட ஒரு இடம் வேணுங்க. லயத்து வாசல்ல கால் வைக்க எடமில்ல. எம் பொஞ்சாதி கண்டிப்பா சொல்லிவிட்டுச்சுங்க."

"அப்ப ஒங்க வீட்டுல அதிகாரம் யாருக்குன்னு வெளங்குது" என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது. கறுப்பையாவும் சேர்ந்து சிரித்தார். இராமநாதன் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார்.

அடுத்தது சாஹுல் ஹமீதின் முறை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மஹ்மூத், கடைத்தெருவில் அவருக்குப் போட்டி வியாபாரி. குனிந்து, அண்ணன் முறை வைத்துக் காதுக்குள் கேட்டார்:

"நானா, ஒங்கட வீட்டிலயும் கும்மி கேட்டாங்களோ?"

பாருங்கள், எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. நாலு ஆண்கள் இருக்கிற இடத்தில் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டார்கள். மனைவி என்றுகூடச் சொல்லமாட்டார்கள், 'வீட்டில' என்பதோடு சரி. அப்படிப்பட்டவர், பிற ஆண்கள் நடுவே எழுந்து, எங்கள் பெண்கள் ஊஞ்சலாட ஆசைப்படுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உங்க சந்துல பெண்களுக்கு ஏதாவது வேணுமா, முதலாளி?" என்று இராமநாதன் தாமாகவே கேட்டார்.

"எங்கட பொம்பளைகளுக்கு ஒண்டும் தேவல்ல. அவங்க வீட்டுக்குள்ள சந்தோசமா ஈக்கிறாங்க."

மஹ்மூத் தலையாட்டினார். இராமநாதன் அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். யாரும் கேட்காமல் காலியாய்ப் போன புளியமர மூலையில் ஆண்கள் பத்திரிகை வாசிக்க ஒரு மண்டபம் என்று படத்தில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் கைரியா கேட்டாள்: "என்ன சென்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க" என்றார் அவர். எழுதிக்கொண்டது உண்மைதானே.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சந்தே மூன்று மாதம் வாழ்ந்தது. உம்மு குல்சும் நல்ல தும்புக்கயிறாக வாங்கி வைத்தாள். றலியா பலகைக்கு மெத்தை தைத்தாள், இரண்டு ஊஞ்சலுக்கும் ஒரே நிறத்தில். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று சாஹுல் ஹமீது தள்ளிப்போட்டார். மகள் ஊசியும் நூலுமாக இருக்கிற அறைப்பக்கம் போவதை விட்டுவிட்டார்.

பிறகு புளியமரத்தடியில் அத்திவாரம் வெட்டினார்கள். உம்மு குல்சுமின் மாமியார் வயதானவள், வெளியே போய்வருகிறவள். சுவர் எழும்புகிறது என்று அவள் ஓடிவந்து சொன்னதும் பெண்களுக்கு நிலைகொள்ளவில்லை. அன்றைக்கே தேங்காய்ப்பாலும் கருப்பட்டியுமாகக் கைரியாவின் பெரிய சட்டி நிறைய வட்டலப்பம் அவித்து, வேலை செய்கிறவர்களுக்கென்று அவள் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் காலை, அங்கே சுவர் வேலை செய்த கறுப்பையா அந்தச் சட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு புடவைக்கடைக்கு வந்தார். கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்றார்.

"முதலாளி, இது உங்க வீட்டுச் சட்டிங்க. அந்த வயசான அம்மா வந்து, எங்க புள்ளைகளுக்குச் சுவர் கட்டுறீங்க, நல்லா இருப்பீங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. நாங்களும் பசியில சாப்பிட்டுட்டோம்." சற்று நிறுத்தினார். "அது ஆம்பளைங்க மண்டபம்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலைங்க. நீங்க எழுதச் சொன்னப்ப நானும் அங்கதானே இருந்தேன்."

சாஹுல் ஹமீது சட்டியை வாங்கிக்கொண்டார். கறுப்பையாவின் கண்களை நேராகப் பார்க்க முடியவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மனிதர் தனக்காகக் கூச்சப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

கடையைச் சாத்திவிட்டு இராமநாதனிடம் ஓடினார். இராமநாதன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்து உங்களுடையது, முதலாளி. நான் கிழிக்க முடியாது. அடுத்த கூட்டத்துல நீங்களே எந்திரிச்சு, சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. மண்டபம் இனி அசையாது. வேற என்ன மிச்சமிருக்கோ பார்ப்போம்."

அதற்கு முன் வீட்டில் சொல்லவேண்டியிருந்தது. சட்டியை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. றலியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைரியா சட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வெக்கமாப் போச்சு, அதுதான்..." என்று அவர் இழுத்தார்.

"நாங்க ஊஞ்சல் கேட்டது வெக்கமா? நாங்க ஈக்கிறதே வெக்கமா?"

கைரியா எழுந்து போனாள். தைத்து வைத்திருந்த இரண்டு மெத்தைகளையும் றலியா எடுத்து அலுமாரிக்குள் வைக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். மண்டபம் நிறைந்திருந்தது.

"போன முறை நான் பொய் சொன்னன். என்ட மனைவி கைரியாவும் எங்கட சந்துப் பொம்பளைகளும் ஊஞ்சலுக்கு இடம் கேட்டாங்க. நான்தான் சொல்லல்ல."

மஹ்மூத், "ஆ, பேரும் வெளிய வந்திட்டு" என்றார். பின்வரிசை வாங்குகளில் சிரித்தார்கள். கறுப்பையா மட்டும் சிரிக்காமல் இருந்தார். சாஹுல் ஹமீதின் காது இரண்டும் எரிந்தன, ஆனாலும் அவர் உட்காரவில்லை. இராமநாதன் எழுதி முடிக்கும்வரை நின்றார்.

மிச்சமிருந்தது மண்டபத்துக்குப் பின்னால் ஒடுங்கலாய் ஒரு துண்டு நிலம். மரமில்லை, நிழலில்லை. இரண்டு கம்பம் நட்டு ஒரே ஒரு ஊஞ்சல் கட்டலாம். அதைத்தான், சுற்றிச் சுவரும் ஒரு கதவும் வைத்துக் கொடுத்தார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண்கள் போனார்கள். சாஹுல் ஹமீது திரும்பிப் பாராமல் கதவுக்கு வெளியே காவல் நின்றார். உள்ளே உம்மு குல்சுமின் குரல் கேட்டது:

"முன்னுக்குப் போனா சுவரு, பின்னுக்குப் போனா சுவரு! இது ஊஞ்சலா, தாலாட்டுற தொட்டிலா புள்ள?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் அவர் முதுகில் வந்து விழுந்தது. மரத்தடியில் இரண்டு ஊஞ்சல் ஆடியிருக்கவேண்டிய இடத்தில், மண்டபத்தின் உள்ளே யாரோ நிதானமாகப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் எல்லாரும் வெளியே வந்தார்கள். கைரியா அவரைத் தாண்டி நடந்தாள். றலியாவின் நெற்றி வியர்த்திருந்தது, முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியிருந்தது. அவள் அவர் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்:

"வாப்பா, அடுத்த வெள்ளியும் வரலாமா?"

பயந்து பயந்துதான் கேட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் தன்னிடம் அனுமதி கேட்கிறாளே என்று நினைத்தபோது, கூட்டத்தில் நின்றதைவிட அவருக்கு அதிகமாகக் கூசியது.

"வாங்க மகள்" என்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கதவைப் பூட்டுவதற்காகத் திரும்பிக்கொண்டார்.