மீதி ஒன்று

என் எண் ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று. என் மனைவி பொற்கொடிக்கு அதைவிட ஒன்று குறைவு. இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் எண் ஏதாவது காட்டினால்தான் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் நாலு மணிக்கு என்னைத் தனி எண்கள் தெருவுக்கு ஏற்றிவிடுவார்கள். வண்டி எண் அலுவலக வாசலில் தயாராக நின்றது.

பொற்கொடிக்குக் கவலையில்லை. அவள் எண் இரண்டால் போகும், மூன்றால் போகும், ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எல்லாவற்றாலும் போகும். வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் அவளுக்குச் சொந்தம். "அத்தை, சாப்ட்டீங்களா?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"நீங்க யார்கூடவும் ஒட்ட மாட்டீங்க" என்றாள். இதைப் பதினெட்டு வருஷமாகச் சொல்கிறாள்.

குமாஸ்தா தணிகைவேல் என்னை இரண்டாகப் பிரித்தார். ஒன்று மிஞ்சி மேசைக்கடியில் உருண்டது. குனிந்து எடுத்து, என்னை மறுபடி சேர்த்து, மூன்றாகப் பிரித்தார். அதே ஒன்று உருண்டது. பதினேழு வரைக்கும், அவள் எண் போகிற எல்லாவற்றிலும் இதே கதைதான். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; கடைசியாக எடுத்த ஒன்றை மேசைமேலேயே வைத்துவிட்டார்.

"என்ன சார், ஒவ்வொரு தடவையும் கீழ போடறீங்க?"

"நானா போடறேன்? பத்தொன்பதால வகுங்க. மிச்சமே இல்லாம போவேன்."

"நீங்க போவீங்க. அம்மா போக மாட்டாங்களே. உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணுதான் சார் இருக்கு."

"அது போதாதா?"

"அது எனக்கும் உங்களுக்கும்கூடத்தான் இருக்கு. அதுக்காக என் வீட்டுக்கு வந்துடுவீங்களா?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பொற்கொடிக்கும்தான்.

"சனியன், இந்த ஒண்ணுதானே பிரச்சினை? இப்படிக் குடுங்க" என்று மேசையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தணிகைவேல் எங்களை மறுபடி எண்ணினார். என்னில் ஒன்று குறைந்திருந்தது, அவளில் ஒன்று கூடியிருந்தது. என் எண் அவளுக்கும் அவள் எண் எனக்கும் வந்துவிட்டது. பொதுவாக இருந்தது அதே ஒன்றுதான்.

"மாமா, சாப்ட்டீங்களா?" என்று வரிசை முழுதும் என்னைச் சூழ்ந்துகொண்டது. பொற்கொடியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி நாலடித்தது.

"அஞ்சு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூத்திப் பதினொண்ணு யாருப்பா? வண்டில ஏறுங்க" என்று வண்டிக்காரர் கூப்பிட்டார்.

"நான்தான்" என்றேன். தணிகைவேல் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அவளைக் கைகாட்டினார்.

"பொற்கொடி, அந்த ஒண்ணைக் குடு. அது என்னுது."

அவள் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் இப்படியா இருந்தீங்க?" என்றாள். "கொஞ்ச நாள் நான் வச்சிருக்கேன்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஓட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் கையைப் பதினேழு பேர் பிடித்திருந்தார்கள், சாப்பிட வரச்சொல்லி.