மாடி கொடுத்து வாங்கிய டிரைவ்

தென்காசியில் ஒரு கல்யாணம் அதன் வீடியோ டிரைவில் இருக்கும் வரைக்கும்தான் செல்லும். அதனால் அந்த ஊரில் வீடியோ ஸ்டுடியோக்காரர்களுக்கு நல்ல மரியாதை. உலகம்மையும் ஸ்டுடியோக்காரிதான். அவள் பஸ்ஸில் ஏறினால் தம்பதிகள் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

தம்பி இசக்கிராஜாவின் கல்யாணத்தை அவளே எடுத்தாள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அவள் நம்பவில்லை. போன மாதம்தான் அது டிக் டிக்கென்று முனகி இரண்டு குடும்பங்களைப் பிரித்திருந்தது. ஆகவே கம்ப்யூட்டர் கடையில் இருப்பதிலேயே பெரிய எஸ்எஸ்டி டிரைவாகக் கேட்டாள். விலையாகக் கடைக்காரர் அவள் வீட்டு மாடியைக் கேட்டார். கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுப் படிக்கட்டு வானத்தில் போய் முடிந்தது.

"படிக்கிறதுக்குக் கணக்கே இல்ல. எழுதுறதுக்குத்தான் இத்தன தடவைன்னு ஆயுசு. கரண்டு இல்லாமப் போட்டு வச்சிராதீங்க, மறந்துரும்" என்றார் கடைக்காரர். மாடி அவர் கக்கத்தில் இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, வேகமென்றால் அப்படியொரு வேகம். டீ ஆறுவதற்குள் கல்யாணம் மொத்தமும் ஏறிவிட்டது. அடுத்த முகூர்த்தங்களில் நடக்க வேண்டிய கல்யாணங்களும் கூடவே ஏறின. அந்த வீட்டுக்காரர்களுக்கு மண்டபச் செலவு மிச்சம். டிரைவின் ஆயுசு அதிலேயே கிட்டத்தட்டத் தீர்ந்துபோனது.

ஆயுத பூஜை வந்தது. கேமரா, விளக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். டிரைவுக்கும் வைத்துச் சாமி அலமாரியில் ஏற்றினாள். மறுநாள் மற்றவையெல்லாம் வேலைக்கு இறங்கின. டிரைவை மட்டும் இறக்க மனசு வரவில்லை. மாடி கொடுத்து வாங்கியதாயிற்றே. தினமும் பூப் போட்டாள். வயரை மட்டும் போடவில்லை. பைத்தியக்காரத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அலமாரிக்குள் டிரைவ் மறக்கத் தொடங்கியது. முதலில் நாதஸ்வரம் போயிற்று. பிறகு பந்தி. ஒருநாள் காலையில் இசக்கிராஜா மீசை இல்லாமல் எழுந்தான். பக்கத்திலிருந்த மனைவி கோமதியிடம், நீங்கள் எந்த ஊர் என்று மரியாதையாக விசாரித்தான்.

கோமதி பெட்டியோடு உலகம்மையின் வாசலில் வந்து நின்றாள். அவள் கழுத்துத் தாலியில் ஒரு முடிச்சு குறைந்திருந்தது.

"மைனி, எனக்கு அவங்கள ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு என்னைய இல்ல. நான் ஊருக்குப் போகவா, இருக்கவா?"

உலகம்மை அலமாரியைத் திறந்தாள். டிரைவை இறக்கி, சந்தனத்தைத் துடைத்து, வயரைச் செருகினாள். அது விழித்துக்கொண்டது. மீசை உள்ளேதான் எங்கோ இருக்கிறது, பந்தியையும் தேடி எடுத்துவிடலாம், மூன்றாவது முடிச்சு மட்டும் அடியோடு போய்விட்டது என்று சொன்னது. இனி ஒரே ஒரு தடவைதான் தன்னால் எழுத முடியும் என்றும் வருத்தத்தோடு சொன்னது.

மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டியது. அன்றைக்குக் கேமராவை விட்டு நகர முடியாதென்று உலகம்மை தன் சித்தி மகளைப் போடச் சொல்லியிருந்தாள். வெளிச்சம் சரியில்லை, கட்டுகிற மாதிரி இன்னொரு தடவை காட்டுங்கள் என்று பிடிவாதமும் பிடித்தாள். ஊரெல்லாம் அப்படிக் கேட்டே பிழைத்தவள். இப்போது இன்னொரு தடவை கிடையாது.

தம்பியை வரவழைத்துக் கோமதியின் பக்கத்தில் உட்கார வைத்தாள். கேமராவைக் கொடுக்க ஆளில்லை. அந்தரத்தில் விட்டாள். அது அங்கேயே நின்றது. கோமதியின் பின்னால் மண்டியிட்டாள். மஞ்சள் கயிற்றைப் பிடித்து முடிச்சைப் போட்டாள். தன் முகத்தில் வெளிச்சம் விழுந்ததா என்று பார்க்கவில்லை.

டிரைவின் பச்சை விளக்கு ஒரு முறை மினுக்கியது.

இசக்கிராஜா மேலுதட்டைத் தடவினான். மீசை இருந்தது. பிறகு அவன் கண் பெட்டியில் விழுந்தது.

"கோமதி, இத எதுக்கு வாசல்ல வச்சிருக்க? மாடியில கொண்டு வைக்கேன்."

மாடி இல்லையென்று சொல்ல உலகம்மை வாயெடுத்தாள். அதற்குள் அவன் படியேறிவிட்டான். அவன் கல்யாண நாளில் அந்த வீட்டுக்கு மாடி இருந்தது. மேலே பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறக்கும் சத்தமும் கேட்டது. கோமதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறினாள்.

உலகம்மை டிரைவுக்கு முன்னால் உட்கார்ந்து, வயரை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினாள்.