பிற்பகலில் தூங்கும் பாஸ்போர்ட்

கொலின் பிக்கரிங்கின் புதிய பாஸ்போர்ட் வந்து சேர்ந்த அதே வாரத்தில், ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், அதில் இருந்த அவருடைய புகைப்படம் கண்ணை மூடித் தூங்கிவிட்டது. அன்றைக்கு அபிராமபுரத்தில் கொஞ்ச நேரம் மின்சாரம் இல்லை. தக்காளி விலை சற்று இறங்கியிருந்தது. வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. மூன்றரை மணி வாக்கில் கீழ்வீட்டில் டிகாக்ஷன் இறங்கும் வாசனை எழுந்ததும் படம் தானாகவே விழித்துக்கொண்டது. இப்படி ஒரு காரியத்தைக் கொலின் தன் வாழ்நாளில் ஒரு மதியம்கூடச் செய்ததில்லை.

கொலின் இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற ஊர்க்காரர். ஏற்றுமதியாகும் ஷூக்களில் தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக இரண்டு வருட வேலை விசாவில் சென்னைக்கு வந்து, பதினான்கு வருடங்களாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குடியிருந்தது ஸ்ரீரங்கன், கோமளம் தம்பதியின் வீட்டு மாடியில். இத்தனை வருடத்தில் தமிழ் காதுக்கு ஓரளவு புரிய ஆரம்பித்திருந்தாலும் அவர் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்: போதும். மாமி இன்னொரு கரண்டி சாதம் போட வரும்போதும், மாமா இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்துக் கதைகளை ஆரம்பிக்கும்போதும், மார்கழிக் கச்சேரிக்கு யாராவது பாஸ் நீட்டும்போதும் கையைக் குறுக்கே வைத்து அதையே சொல்வார். காலையில் ரொட்டி, ராத்திரி சூப். கோயிலிலிருந்து மாமி கொண்டுவந்து தரும் குங்குமப் பொட்டலங்களை மட்டும் தலை குனிந்து வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவைப்பார். பொட்டலம் நிறைந்து அந்த இழுப்பறையை மூட முடியாமல் போய் நான்கைந்து வருடங்கள் ஆகின்றன.

அவருக்கு ஊரில் ஒரே மகள், ஹேசல். அவள் பட்டம் வாங்கிய நாளில் கொலினின் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அவள் நிச்சயதார்த்தத்தன்றும் போயிருந்தது. முதல் தடவை சொன்னது நிஜம். இரண்டாம் தடவை சொன்னது பழக்கம். டிசம்பர் கடைசியில் கல்யாணம் என்று அவள் போன் செய்தபோது இன்னொன்றும் சேர்த்துச் சொன்னாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் சர்ச்சுக்குள் நடக்க அவளுக்கு ஆசை. ஆனால் இந்தத் தடவை விசா என்ற வார்த்தை காதில் விழுந்தால், அம்மாவின் இரண்டாவது கணவர் கீத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். கீத்துக்குச் சூட்டே தைத்து வைத்தாகிவிட்டது. கொலினுக்கு அன்று இரவு சூப் இறங்கவில்லை. மறுநாளே, காலாவதியாகவிருந்த பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தார். கல்யாணச் செய்தி கேட்ட மாமிக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. "மார்கழியிலயா கல்யாணம் வெச்சிருக்கா? அந்த ஊர்ல வாத்தியாரே கிடையாதா?"

புதிய பாஸ்போர்ட் கூரியரில் வந்த அன்று கொலின் ஆம்பூரில் ஷூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது கோமளம் மாமி. உறைக்குள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று பழையது, மெரூன் நிறம். இனி செல்லாது என்பதற்கு அடையாளமாக அதன் மூலையை வெட்டியிருந்தார்கள். ஆனால் இந்திய விசா அதில்தான் உயிரோடு இருந்தது என்பதால் இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மாமிக்கு அது மூளியாகத் தெரிந்தது. தொடாமல் ஓரமாக வைத்தாள். மற்றது புதியது, கருநீலம். "ஏன்னா, பாத்தேளா, கண்ணன் கலர்!" என்று அதை நேரே பெருமாள் படத்தடிக்குக் கொண்டுபோனாள். அந்த வீட்டில் வாஷிங் மெஷின், மாமாவின் காது மெஷின், பேரன் அனிருத்தின் லேப்டாப் எல்லாமே அந்த வழியாக உள்ளே வந்தவைதான். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். உள்ளே பிரித்துப் பார்த்தாள். அங்கே ஒரு முகம் இருந்தது; முகத்தில் ஒரு நெற்றி இருந்தது.

"அடியே, அது கவர்ன்மென்ட் டாக்குமென்ட்! அதுவும் வேத்து கவர்ன்மென்ட்!" என்று ஸ்ரீரங்கன் மாமா பதறிக்கொண்டு மூக்குக் கண்ணாடித் துணியோடு ஓடிவந்தார்.

"நெத்தி வெறிச்சுன்னு இருந்துது. பாத்துண்டு சும்மா போகச் சொல்றேளா? யாராத்துப் பிள்ளையோ, ஒரு பொட்டு வெச்சா கொறஞ்சா போயிடுவான்?"

மாமா துடைத்தார். பிளாஸ்டிக் பக்கம், சுத்தமாகப் போய்விட்டது. மறுநாள் காலையில் பொட்டு மறுபடியும் இருந்தது. இந்தத் தடவை பிளாஸ்டிக்குக்கு உள்ளே.

அதற்கப்புறம் படம் நிதானமாக அபிராமபுரத்துக்குக் குடிவந்தது. ரசம் கொதிக்கும்போது முகம் சமையலறைப் பக்கம் லேசாகத் திரும்பும். ஏகாதசியன்று கன்னம் ஒட்டியிருக்கும், மறுநாள் காலையில் பழையபடி உப்பிவிடும். தீபாவளிக்குப் பிறகு தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வந்தது. மார்கழி பிறந்து எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பாட்டு கேட்க ஆரம்பித்ததும், கை இல்லாத குறையால், இடது தோள் மட்டும் தாளம் போட்டது. எல்லாவற்றையும்விட விபரீதம், படம் புன்னகைத்தது. சத்தம் போட்டு அல்ல, பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வருவதைப் பார்த்தவரின் புன்னகை. மாடியில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கொலின் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினான்கு வருடம் இங்கே இருந்தது தானா, நான்கு மாதம் முன்பு வந்த இவனா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது. அதை அவர் அஜீரணம் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டார்.

தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் டிராவல்ஸ் வைத்திருந்தார் அன்வர் பாஷா. ஹஜ்ஜுக்கும் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் பாதி மாம்பலத்தை விமானம் ஏற்றியவர். ஸ்ரீரங்கன் மாமா கொலினை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். பாஸ்போர்ட்டைப் பிரித்த பாஷா அதை ட்யூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னா சார் இது, சிரிச்சிக்கினு கீது? உங்க ஊர்க்காரனுக்குச் சிரிச்சா ஆவாது சார். வாய மூடிக்கினு, இழவு வூட்டுக்கு வந்தா மாரி இர்க்கணும். எங்க மாமியார் படத்தையே மூணு தபா திருப்பி அனுப்சான், கண்ணுல சிரிப்பு கீதுன்னு."

"அப்பப் புதுசா எடுக்கலாமா?" என்று கொலினுக்காக மாமா கேட்டார்.

"எடுக்கலாம் மாமா. இதத் திருப்பிக் குடுக்கணும். வர்றதுக்குள்ள பொண்ணுக்குச் சீமந்தமே ஆயிடும்."

அன்வர் பாஷா தன்னால் முடிந்ததைச் செய்தார். படத்தின் முன்னால் ஒரு விசா மறுப்புக் கடிதத்தைக் கணீரென்று வாசித்தார். படம் அரை நிமிடம் முகத்தைச் சுருக்கியது. அப்புறம் அது முன்னிலும் அதிகமாகச் சிரித்தது. டிக்கெட் விஷயத்திலும் சோதனைதான். கிறிஸ்துமஸ் கூட்டம், எல்லா விமானமும் நிறைந்து கிடக்க, துபாய் வழியாக மான்செஸ்டர் போக ஒரே ஒரு இடம் இருந்தது. பிற்பகல் நான்கு மணி விமானம். அதாவது, பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டிய நேரமும் படம் தூங்கும் நேரமும் ஒன்று. "முழிச்சிக்கினு கீறச்சொல்ல சிரிச்சா சமாளிக்கலாம் சார். தூங்கினா நான் இன்னா சொல்றது, நைனா நைட் ஷிப்ட்டுன்னா?"

கொலின் தன் நாட்டு உதவி எண்ணைக் கூப்பிட்டார். தொலைந்திருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது, திருடுபோயிருந்தால் இரண்டை, சேதமாகியிருந்தால் மூன்றை. சந்தோஷமாக இருப்பதற்கு எண் ஏதும் ஒதுக்கப்படவில்லை. மூன்றை அழுத்தினார். படம் மதியத்தில் தூங்குகிறது என்பதைக் கேட்ட பெண் சற்று யோசித்து, தினமுமா, ஞாயிறு விடுமுறையா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு, புதியது வர ஆறு வாரம் ஆகும் என்றாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கொலின் போனை வைத்தார். ஹேசலைக் கூப்பிட்டு, வாயில் தயாராக இருந்த அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இதையெல்லாம் விட விசா என்பது நம்பும்படியாக இருக்கும். அப்புறம் கீத்தின் சூட் நினைவுக்கு வந்தது. பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

கிளம்பும் நாளன்று மாமி அவரைக் கீழே உட்கார வைத்து இலை போட்டாள். விமானத்தில் போடுவதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை என்பது அவள் கட்சி. புளியோதரை, வடை, அக்காரவடிசில், கடைசியில் மோர் மிளகாயோடு தயிர்சாதம். கொலின் பயத்தில் இருந்ததால் கையைக் குறுக்கே வைக்க மறந்துவிட்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. மாமியும் அது வரும் வரை நிறுத்துவதாக இல்லை. வாசலில் வழக்கம்போல ஒரு குங்குமப் பொட்டலத்தை அவர் சட்டைப் பையில் செருகினாள். "பத்திரமாப் போயிட்டு வாங்கோ. பொண்ணுக்கு ஆசீர்வாதம் சொன்னேன்னு சொல்லுங்கோ."

மீனம்பாக்கத்தில் இமிகிரேஷன் கவுன்ட்டரில் இருந்தவர் ஸ்ரீலக்ஷ்மி என்ற அதிகாரி. மெரூன் பாஸ்போர்ட்டைப் பிரித்தார். எலுமிச்சம்பழம் கடித்த முகத்தோடு பத்து வருடத்துக்கு முந்தைய கொலின் முறைத்தார். நீலத்தைப் பிரித்தார், பொட்டு வைத்துக்கொண்டு, இரண்டு தாடையோடு, புன்னகைத்தபடி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், எதிரே மூன்றாவதாக ஒருவர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு? இது யாரு?" என்று இரண்டையும் தட்டிவிட்டு, அவரை நோக்கி, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

கொலின் ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். மகளை, கீத்தை, சூட்டை. ஸ்ரீலக்ஷ்மி குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்கும் மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நீல பாஸ்போர்ட்டை அவர் பார்த்த பார்வையில் குற்றம் எதுவும் இல்லை, ஏக்கம்தான் இருந்தது. "சார், படமும் முகமும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். ரெண்டுல எது மாறணும்னு எங்கயும் எழுதல."

கொலின் சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கத் தெரியாமல் பிரித்ததில் பாதி மூக்கில் கொட்டியது; மீதியை நெற்றியில் வைத்துக்கொண்டார். புன்னகைக்க முயன்றார். ஐம்பத்தெட்டு வருடமாக உபயோகிக்காத தசைகள், ஒத்துழைக்கவில்லை. வந்தது பல்வலி போன்ற ஒன்று. ஸ்ரீலக்ஷ்மி உதட்டைப் பிதுக்கினார். கொலின் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முடிந்தது கதை, கீத் நடக்கட்டும் என்று நினைத்த அந்த நேரத்தில், புளியோதரை தன் வேலையைக் காட்டியது. அக்காரவடிசில் அதற்கு ஒத்தாசை செய்தது. ஏசி காற்று, வரிசையின் முணுமுணுப்பு, வயிற்றின் பாரம் எல்லாம் சேர்ந்து கொலின் பிக்கரிங் தன் வாழ்நாளின் முதல் மதியத் தூக்கத்தை நின்றபடியே தூங்கினார். தூக்கத்துக்குள் போன முகத்தில் புன்னகை தானாகப் பரவியது. இரண்டாவது தாடையும் மெல்ல இறங்கி வந்தது.

"இன்னாம்மா, நின்னுக்கினே தூங்குறாரு அந்தாளு? ஃப்ளைட் போயிடப் போவுது!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஷ்ஷ்! எழுப்பிடாதீங்க. மேட்ச் ஆயிட்டிருக்கு," என்றார் ஸ்ரீலக்ஷ்மி. இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரையை வழக்கத்தைவிட மெதுவாகக் குத்தினார். வரிசை கொலின் விழிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. நடுவில் யாரோ ஒருவர் அவருடைய பையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மான்செஸ்டரில் சிரமம் இல்லை. அப்போது சென்னையில் ஊரடங்கிய நேரம். படம் வாயைத் திறந்துகொண்டு ஆழ்ந்து தூங்கியது. இரண்டு விமானம் மாறி வந்த கொலினும் அதே நிலையில் இருந்ததால் அங்கிருந்த அதிகாரி மறுபேச்சு பேசவில்லை. ஹோட்டலில் சோப்புப் போட்டு நெற்றியைக் கழுவினார். பொட்டு போகவில்லை. அது தோலுக்கு உள்ளே போய்விட்டிருந்தது.

சர்ச் வாசலில் ஹேசல் அவரைப் பார்த்ததும் முதலில் செய்தது, கட்டை விரலால் அவர் நெற்றியைத் தேய்த்ததுதான். "அப்பா, ஏதோ ஒட்டியிருக்கிறது." "தெரியும்," என்றார் கொலின். "வீட்டுக்கார அம்மா வைத்தது. உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்." சொல்லிவிட்டுப் புன்னகைத்தார். அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத புன்னகை அது. யாரோ இரண்டாம் தடவை பாயசம் கொண்டுவந்ததைப் போல. ஹேசலுக்குக் கண் மை கலைந்தது. கீத், புது சூட்டில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதார்.

கொலின் தை மாதம் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு விசா நான்கு தடவை புதுப்பிக்கப்பட்டது, அதை யாரிடமும் ஒரு காரணமாக அவர் சொல்லவில்லை. மதியம் ஒன்றரைக்கு மேல் மூன்றரை வரை அவரும் பாஸ்போர்ட்டும் யாருக்கும் கிடைப்பதில்லை. அன்வர் பாஷா அதற்கேற்றபடிதான் டிக்கெட் போடுகிறார். புது பாஸ்போர்ட் வாங்கும் வாடிக்கையாளர்களில் சிலரை அவர் மாமியிடம் அனுப்பிவைப்பதும் உண்டு. மாமி அட்டையில் மட்டும் பொட்டு வைக்கிறாள்.

ஹடர்ஸ்ஃபீல்டில் ஹேசலின் ஹாலில் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. சென்னையில் மதியம் ஒன்றரை ஆகும்போது, அவர்கள் ஊர்க் கணக்குக்குக் காலை எட்டு மணிக்கு, அதில் மணப்பெண்ணின் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் கொலின் கண்ணை மூடி, மெல்லச் சரிந்து, மகளின் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். கோடையில் அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை மாற்றும்போது இது ஒன்பது மணிக்கு நடக்கிறது. ஹேசல் வாக்குவம் கிளீனரை அவர் எழுந்த பிறகுதான் போடுகிறாள்.